மூடி இல்லாத மீன்தொட்டி: ஆவியாகும் தண்ணீரை ஈடுசெய்வதற்கான வழிகாட்டி

சென்னையின் தென்புறநகரில், போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றடி நீளமுள்ள மூடியில்லாத மீன்தொட்டி ஒன்றை வைத்திருக்கிறேன். முதல் நான்கு மாதங்கள், தண்ணீர் குறையக் குறையக் குழாயிலிருந்து ஒரு குடம் பிடித்து ஊற்றுவதையே பராமரிப்பு என்று நம்பியிருந்தேன். தண்ணீர் பளிச்சென்று தெளிவாக இருந்தது, மீன்களும் நன்றாகவே தின்றன. பிறகு ஒருநாள், லிட்டருக்கு எத்தனை மி.கி. உப்புகள் கரைந்திருக்கின்றன என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வாங்கி நனைத்துப் பார்த்தபோது குழாய்த் தண்ணீர் 900 என்றும், தொட்டித் தண்ணீர் 2,000-ஐத் தாண்டியும் காட்டியது. பதறிப்போய் அன்றே முக்கால் தொட்டித் தண்ணீரை இறைத்துவிட்டுக் கேன் தண்ணீரை நிரப்பினேன். மறுநாள் விடிவதற்குள் பதினான்கு விடோ டெட்ராக்களில் பதினொன்று இறந்துவிட்டன. நான்கு மாதங்களாக மெல்ல மெல்ல ஏறிய உப்புக்கு அவை உடலைப் பழக்கிக்கொண்டிருந்தன. அதை ஒரே மாலையில் நான் பறித்துக்கொண்டதுதான் அவற்றைக் கொன்றது.

அந்த இழப்பு உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர் மட்டுமே. சுண்ணாம்பு, உப்பு, மீன் கழிவிலிருந்து சேர்ந்த நைட்ரேட் ஆகிய அனைத்தும் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. ஆகையால், போன அளவுக்கு நாம் திரும்ப ஊற்றுவதும் கூடியவரை வெறும் தண்ணீராகவே இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு கணக்கைச் சரியாகப் பராமரிப்பதற்கானவை.

1. வாங்குவதற்கு முன்: இடமும் எழுத்துவடிவ ஆதாரங்களும்

90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் கொண்ட தொட்டி விளிம்புவரை 182 லிட்டர் கொள்ளும். கண்ணாடி, மணல், கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் எடை எளிதாக 230 கிலோவைத் தாண்டிவிடும். வாடகை வீடாக இருந்தால், வைக்கப்போகும் இடத்தையும் எடையையும் குறிப்பிட்டு வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை வாட்ஸ்ஆப் செய்தியாகவாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைக் காலிசெய்யும்போது சுவரில் ஈரம் படிந்திருப்பதைக் காட்டி முன்பணத்தில் கழிக்கும் பேச்சு வந்தால், அந்தச் செய்தியும் தொட்டி வைப்பதற்கு முன் எடுத்த சுவரின் புகைப்படமும்தான் உங்களிடம் இருக்கும் ஆதாரம்.

மீன் கடைகளில் ஆர்டர் கொடுத்துச் செய்யும் தொட்டிக்கு வெறும் துண்டுச்சீட்டைத்தான் பெரும்பாலும் தருவார்கள். அது போதாது. கண்ணாடியின் கனம், கசிந்தால் எத்தனை மாதங்களுக்குச் சரிசெய்து தருவார்கள் என்பது, மூடியில்லாமல் பயன்படுத்தப் போகிறீர்கள் என்ற குறிப்பு ஆகிய மூன்றும் ரசீதில் இருக்க வேண்டும். மூன்றாவது ஏன் என்றால், மூடி வைக்கும் தொட்டிகளில் மேல்விளிம்பில் ஒட்டப்படும் கண்ணாடிப் பட்டைகளே பக்கங்கள் வெளிப்புறமாக வளையாமல் பிடித்துக்கொள்கின்றன. திறந்த அழகுக்காக அந்தப் பட்டைகளை நீக்கச் சொன்னால் கனமான கண்ணாடி வேண்டும். 45 செ.மீ. உயரத்துக்கு 8 மி.மீ.க்குக் குறைவானதை ஏற்காதீர்கள். நான் 10 மி.மீ. கேட்டு வாங்கினேன்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் மேலே பாருங்கள். சீலிங் ஃபேனுக்கு நேர்கீழே வைத்தால் ஆவியாவது கணிசமாகக் கூடும். சுவரிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் தொட்டிக்குப் பின்னால் சுண்ணாம்பு பொரிந்து பூஞ்சை படியும். பிளைவுட் ஸ்டாண்டின் வெட்டுமுனைகளில் வார்னிஷ் அடித்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கொசுவர்த்திச் சுருள், திரவக் கொசுவிரட்டி, கரப்பான் ஸ்பிரே ஆகியவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. மூடியுள்ள தொட்டியில் ஓரளவு தப்பலாம், திறந்த தொட்டியில் அந்த வாய்ப்பு இல்லை. தொட்டி இருக்கும் அறையில் இவை எதையும் பயன்படுத்தாதீர்கள். ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள். குடியிருப்பில் பூச்சிமருந்து அடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அன்று ஏர் பம்பை நிறுத்திவிட்டுத் தொட்டியைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, மருந்துக்காரரை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

2. ஏழு நாள் அளவெடுங்கள்

தொட்டி வைத்த முதல் வாரம் எதையும் வாங்க வேண்டாம். கண்ணாடியின் வெளிப்புறத்தில், நீர்மட்டத்தில் ஒரு வெள்ளை டேப் துண்டை ஒட்டி, தினமும் ஒரே நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். நான் காலை ஏழு மணிக்கு, விளக்கு போடுவதற்கு முன் அளக்கிறேன். அளக்கும்போது ஃபில்டரை இரண்டு நிமிடம் நிறுத்திவிட வேண்டும். அலை அடிக்கும் பரப்பில் ஸ்கேல் பிடித்தால் இரண்டு மி.மீ. பிழை வரும்.

மில்லிமீட்டரை லிட்டராக மாற்ற, தொட்டியின் நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால் போதும். என் தொட்டிக்கு 90 × 45 = 4,050; அதை 10,000-ஆல் வகுத்தால் 0.405. அதாவது ஒரு மி.மீ. இறங்கினால் ஏறத்தாழ 400 மி.லி. போயிருக்கிறது. உயரம் இந்தக் கணக்கில் வரவே வராது. ஆழமான தொட்டியைவிட அகலமான, ஆழம் குறைந்த தொட்டி தன் கொள்ளளவில் பெரும்பங்கை விரைவாக இழக்கும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

என் நோட்டில் உள்ள கணக்கு இது: ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் நாளொன்றுக்கு 2 முதல் 3 மி.மீ.; சாதாரண நாட்களில், சீலிங் ஃபேன் மிதமாக ஓடும்போது 5 மி.மீ., அதாவது 2 லிட்டர். கத்திரி வெயிலில், தொட்டிக்கென வைத்த சிறு ஃபேனும் ஓடினால் 9 மி.மீ. வரை. ஏ.சி. இரவு முழுக்க ஓடும் அறையில் குளிர்ச்சியைப் பார்த்துவிட்டுக் குறைவாகவே ஆவியாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஏ.சி. காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுவதால் அங்கும் ஆவியாதல் மிகுதியாகவே இருக்கும். உங்கள் எண் என் எண்ணாக இருக்காது. ஆனால் உங்கள் எண் கையில் இல்லாமல் மற்ற எந்த முடிவையும் எடுக்க முடியாது.

வெயிலோ ஃபேனோ கூடாமலேயே இறங்கும் அளவு ஒருநாள் திடீரென இரட்டிப்பானால் அது பெரும்பாலும் ஆவியாதல் அல்ல, கசிவு. ஸ்டாண்டின் அடியில் உலர்ந்த செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். ரசீதில் உத்தரவாத மாதத்தை எழுதி வாங்கியது இப்போது பயன்படும்.

3. உங்கள் தண்ணீரை அறிந்துகொள்ளுங்கள்

பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டர் மீன் கடைகளிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மீன் வாங்குவதற்கு முன் வாங்க வேண்டிய பொருள் இது. குழாய்த் தண்ணீர், சமையலறை ஆர்.ஓ. தண்ணீர், கேன் தண்ணீர், தொட்டித் தண்ணீர் ஆகிய நான்கையும் தனித்தனி டம்ளர்களில் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் போர் தண்ணீர் 900, கேன் தண்ணீர் 60.

மீட்டர் தண்ணீரின் மின்கடத்துதிறனை அளந்து, அதை ஓர் எண்ணாக மாற்றிக் காட்டுகிறதே தவிர, கரைந்திருப்பது சுண்ணாம்பா, கறியுப்பா, நைட்ரேட்டா என்பதைச் சொல்வதில்லை. அதற்கு ஒருமுறையாவது ஆய்வகப் பரிசோதனை வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் தனிநபர்களும் கட்டணம் செலுத்தித் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளலாம். எந்த அளவு, எந்த வகைக் கலத்தில் கொண்டுவர வேண்டும், கட்டணம் எவ்வளவு, அறிக்கை எத்தனை நாளில் கிடைக்கும் என்பவற்றை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். பழைய குளிர்பான பாட்டிலில் பிடித்துப் போனால் முடிவு பிழைபட இடமுண்டு. போர் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, மாடித் தொட்டிக்குப் போகும் முன்னரே பிடித்த தண்ணீர்தான் சரியான மாதிரி.

அறிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இந்தியக் குடிநீர்த் தர அளவு அச்சாகியிருக்கும். டி.டி.எஸ்.ஸுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மி.கி., வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கப்படும் உச்சம் 2,000. மொத்தக் கடினத்தன்மைக்கு 200, 600. இந்த வரம்புகள் மனிதர் குடிப்பதற்கானவை என்பதை மறந்துவிடாதீர்கள். ‘குடிக்கத் தக்கது’ என்று முத்திரையிட்ட தண்ணீரும் நியான் டெட்ராவுக்குக் கடினமாக இருக்கலாம்; குடிக்க விரும்பாத கடினமான தண்ணீரில் கப்பியும் மோலியும் செழிக்கும். நீங்கள் பார்க்க வேண்டியவை கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு, இரும்பு, நைட்ரேட் ஆகிய ஐந்து. அறிக்கையை நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். கோடையில் போர் தண்ணீர் இறங்கும்போது மீட்டரில் எண் ஏறினால், ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படை ஒன்று இருக்கும்.

4. எந்தத் தண்ணீரால் ஈடுசெய்வது?

தண்ணீர் மாற்றுவதும் குறைந்ததை நிரப்புவதும் இரு வேறு வேலைகள். முந்தையதில் அழுக்கான தண்ணீர் வெளியேறுகிறது. பிந்தையதில் எதுவும் வெளியேறுவதில்லை. புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: ‘வாரம் பதினைந்து லிட்டர் புதுத் தண்ணீர் ஊற்றுகிறேனே, அதுவே தண்ணீர் மாற்றியதுபோலத்தானே’ என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

என் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். மணலும் கல்லும் போக அதில் 150 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. வாரத்துக்கு 14 லிட்டர் ஆவியாகிறது. அதை 900 டி.டி.எஸ். உள்ள போர் தண்ணீரால் நிரப்பினால், ஒவ்வொரு வாரமும் 12,600 மி.கி. உப்பு புதிதாக உள்ளே போகிறது. தொட்டியின் அளவு வாரத்துக்கு 84 வீதம் ஏறும். மூன்றே மாதத்தில் ஆயிரம் கூடிவிடும். நான் நான்கு மாதங்கள் செய்தது இதைத்தான்.

வாராவாரம் 30 லிட்டர் தண்ணீர் மாற்றினால் சரியாகிவிடுமா? ஓரளவு மட்டுமே. நிரப்புவதற்கும் மாற்றுவதற்கும் போர் தண்ணீரையே பயன்படுத்தினால், தொட்டி ஏறத்தாழ 1,320-இல் போய் நிற்கும். வெளியேறும் 30 லிட்டரில் உள்ள உப்பும், உள்ளே வரும் 44 லிட்டரில் உள்ள உப்பும் சமமாகும் புள்ளி அதுதான். நிரப்புவதற்கு மட்டும் 60 உள்ள கேன் தண்ணீரைப் பயன்படுத்தினால், அதே தொட்டி 930-க்கு அருகிலேயே நின்றுவிடும். மாற்றும் தண்ணீரையும் பாதி போர், பாதி கேன் என்று கலந்தால் 510 வாக்கில் நிற்கும். இன்று என் தொட்டி இந்த மூன்றாவது முறையில்தான் ஓடுகிறது. மீட்டர் 480-க்கும் 520-க்கும் இடையிலேயே இருக்கிறது.

செலவு பெரிதல்ல. ஈடுசெய்ய மட்டும் மாதத்துக்கு 60 லிட்டர், அதாவது மூன்று கேன். எங்கள் பகுதியில் 20 லிட்டர் கேன் 40 ரூபாய்; மொத்தம் 120 ரூபாய். தண்ணீர் மாற்றுவதற்கும் கலக்கினால் இன்னும் மூன்று கேன் சேரும். கோடையில் நிரப்பும் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கு அதற்கேற்ப ஒதுக்குங்கள். கேன் நிறுவனம் மாறினாலோ, புதிய ஆள் கொண்டுவந்து போட்டாலோ ஒவ்வொரு முறையும் மீட்டரை நனைத்துப் பாருங்கள்.

பிற தண்ணீர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் ஈடுசெய்ய மிகப் பொருத்தமானது. ஆனால் அந்த இயந்திரத்தின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் தொட்டியில் ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது குழாய்த் தண்ணீரைவிட உப்பு மிகுந்தது. எங்கள் வீட்டில் அது 1,300. அதைக் கழிவறைக்கும் தரை துடைப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மழைநீர் மிக நல்லது. மொட்டை மாடியைக் கழுவிப்போகும் முதல் மழையை விட்டுவிட்டு, இரண்டாவது, மூன்றாவது மழையில், புறா எச்சம் படியாத பகுதியிலிருந்து பிடித்து, மெல்லிய துணியால் வடிகட்டினால், வடகிழக்குப் பருவமழையில் இரண்டு மாதத் தேவையைச் சேர்த்துவிடலாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கும் மீட்டர் சிறிய எண்ணைத்தான் காட்டும். என்றாலும் அது உலோகச் சுருளின் மேல் வழிந்து, தூசியும் பூஞ்சையும் படிந்த தட்டில் தேங்கி வருவது. தாமிரம் சிறிதளவு கலந்தாலும் இறால்கள் தாங்காது என்பதால் அதை நான் தொடுவதில்லை.

மெட்ரோ தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ பயன்படுத்தினால் அதில் குளோரின் இருக்கலாம். திறந்த வாளியில் ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்திருங்கள், அல்லது மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் மருந்தைப் பாட்டிலில் உள்ள அளவுப்படி சேர்த்துவிடுங்கள்.

ஒரு நுணுக்கம்: ஈடுசெய்யத்தான் உப்பில்லாத தண்ணீர் சரி. தண்ணீர் மாற்றும்போதும் முழுக்க ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றினால், பி.எச். அளவைத் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) தாங்கிப்பிடிக்கும் காரத்தன்மை குறைந்துகொண்டே போய், ஒருநாள் பி.எச். சட்டென்று சரியும். ஆகவே அங்கே கலந்தே பயன்படுத்துங்கள்.

5. ஊற்றும் முறையும் நேரமும்

தினமும் இரண்டு லிட்டர் ஊற்றுவது, வாரத்துக்கு ஒருமுறை பதினான்கு லிட்டர் ஊற்றுவதைவிட மேலானது. வாரம் முழுவதும் விட்டுவைத்தால் உப்பு மெல்ல ஏறி, நீங்கள் ஊற்றும் அன்று சட்டென்று இறங்கும். இந்த ஏற்ற இறக்கமே மீன்களைச் சோர்வடையச் செய்கிறது.

மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரைப் பயன்படுத்துவதானால் விடிகாலையில் பிடித்து வையுங்கள். மே மாத மதியத்தில் அந்தக் குழாயைத் திறந்தால் கை சுடும். பிடித்த தண்ணீர் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் மெதுவாக ஊற்றினால் உடனே கலந்துவிடும். ஒரு தட்டையோ கையையோ பிடித்து அதன்மேல் ஊற்றினால் மணல் கலையாது.

ஏற்கெனவே என்னைப்போல் உப்பை ஏற்றிவிட்டிருந்தால், அதை இறக்குவதற்கு அவசரப்படாதீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் மீட்டர் காட்டும் எண்ணை எழுதுங்கள். 2,000-இலிருந்து 600-க்கு வர ஒரு மாதம் ஆகலாம். ஆகட்டும். அந்த ஒரு மாதத்தை நான் கொடுத்திருந்தால் பதினொரு மீன்கள் பிழைத்திருக்கும்.

நிரப்பு தண்ணீரைச் சேமிக்கும் டிரம்மைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மீன் இருக்கும் தொட்டியில் கொசு பெருகாது, புழுக்களை மீன்கள் தின்றுவிடும். ஆனால் பக்கத்தில் திறந்து வைத்த டிரம்மில், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் பறந்துவிடும். அது நல்ல தண்ணீரையே நாடும் கொசு. டிரம்மின் வாயை மூடியாலோ இறுக்கமாகக் கட்டிய வெள்ளைத் துணியாலோ மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை காலிசெய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

6. சொட்டுச் சொட்டாக நிரப்பும் அமைப்பு

தினமும் ஊற்ற நேரமில்லாதவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, மருந்துக்கடையில் கிடைக்கும் புதிய சலைன் டிரிப் செட். எனக்கு நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. தொட்டிக்கு மேலே உறுதியான அலமாரியில் கேனை வைத்து, குழாயின் ஒரு முனையைக் கேனின் அடிவரை இறக்கி, உறிஞ்சும் ஓட்டத்தைத் தொடங்கிவிட்டு, உருளைத் திருகால் துளியின் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். கேனின் வாய் இறுக மூடியிருந்தால் காற்று புகாமல் ஓட்டம் நின்றுவிடும். தளர்வாக, துணி கட்டி வையுங்கள்.

வேகத்தைக் கணக்கிடுவது எளிது. சாதாரண செட்டின் உறையில் 1 மி.லி.க்கு 20 துளி என்று அச்சிட்டிருக்கும். நாளொன்றுக்கு 2,000 மி.லி. வேண்டும், ஒரு நாளில் 1,440 நிமிடங்கள். நிமிடத்துக்கு 1.4 மி.லி., அதாவது 28 துளி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, துளி விழும் அந்தச் சிறு ஒளிபுகும் பகுதியில் ஒரு நிமிடம் எண்ணுங்கள். கேனில் மட்டம் இறங்க இறங்க வேகமும் குறையும் என்பதால் காலையிலும் மாலையிலும் ஒருமுறை எண்ணித் திருகைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

எந்தத் தானியங்கி அமைப்பும் ஒருநாள் பழுதாகும் என்று எண்ணியே அமையுங்கள். என் தொட்டியில் 20 லிட்டர் முழுவதும் ஒரே இரவில் கொட்டினாலும் மட்டம் 5 செ.மீ.தான் ஏறும். நான் விளிம்புக்குக் கீழே 6 செ.மீ. இடைவெளி விட்டிருப்பதால் தரை நனையாது. உங்கள் தொட்டிக்கும் இதே கணக்கைப் போட்டு, இடைவெளி தாங்கும் அளவுக்கு மேல் கேனில் தண்ணீர் வைக்காதீர்கள்.

ஆர்.ஓ. இயந்திரங்களில் வரும் சிறிய மிதவை வால்வைக் கேன் குழாயின் முனையில் பொருத்தினால் துளி எண்ணும் வேலையும் இல்லை. மட்டம் குறைந்தால் திறக்கும், நிறைந்தால் மூடும். ஆனால் அதை எக்காரணம் கொண்டும் வீட்டுக் குழாயோடு நேரடியாக இணைக்காதீர்கள். வால்வில் ஒரு நத்தையோ பாசி இழையோ சிக்கினால் போதும், மாடித் தொட்டி முழுவதும் உங்கள் வரவேற்பறைக்கு வந்துவிடும்.

7. நீர்மட்டம் குறைந்தால் கெடும் பொருட்கள்

கண்ணாடியில் தொங்கும் ஃபில்டரின் உறிஞ்சுகுழாய்க்குக் கீழே மட்டம் இறங்கினால் மோட்டார் வெறுமையாக ஓடிக் காந்தச் சுழலி தேய்ந்துவிடும். தண்ணீர் விழும் சத்தம் கூடுவது அதற்கு முந்தைய அறிகுறி. இரவில் சலசலப்பு அதிகமாகக் கேட்டால் டேப்பைப் பாருங்கள். மலைப் பகுதிகளில் ஹீட்டர் வைத்திருப்பவர்கள், அதன் கண்ணாடிக் குழல் தண்ணீருக்கு வெளியே தெரியும் நிலையை அனுமதிக்கவே கூடாது. அந்த நிலையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் குழல் வெடிக்கும். முதலில் மின்சாரத்தை நிறுத்திக் கால் மணி நேரம் ஆறவிட்டு, அதன் பிறகே நிரப்புங்கள்.

மின்வயர் ஒவ்வொன்றும் பிளக்கை அடைவதற்கு முன் கீழே தொங்கி மேலேற வேண்டும். வழியும் தண்ணீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டிக்குக் கீழே வைக்காதீர்கள்.

8. கோடை

தண்ணீரின் வெப்பம் ஏறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மி.கி. வரை கரையும், 30 டிகிரியில் 7.5 மட்டுமே. மூடியில்லாத தொட்டியின் பெரும் நன்மை இங்கேதான் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம், 150 லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய 4 டிகிரி குளிர்விக்கப் போதுமானது. அறைக் காற்றிலிருந்து வெப்பம் திரும்ப வந்துகொண்டே இருப்பதால் அவ்வளவும் இறங்கிவிடாது. இருந்தாலும், விளிம்பில் பொருத்திய 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று என் தொட்டியை 32-இலிருந்து 29-க்கு இறக்குகிறது. அதற்கு விலையாக நாளொன்றுக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் நிரப்ப வேண்டியிருக்கிறது. ஃபேனை இயக்கும் நாளிலேயே துளிக் கணக்கையும் மாற்றிவிடுங்கள். நான் நிமிடத்துக்கு 50 துளியாக வைக்கிறேன்.

9. மீன் தேர்வும் துள்ளலும்

மூடியில்லாத தொட்டிக்கு எந்த மீன் என்று கேட்டால், ஏஞ்சல், கோரிடோராஸ், கோல்டுஃபிஷ், அமைதியான டெட்ரா வகைகள் என்பேன். ஹேட்செட், கில்லி, அரோவானா, விரால் வகைகள் நிச்சயம் துள்ளும். ஜீப்ரா டேனியோ விரட்டி விளையாடும்போதும், ஃபைட்டர் மீன் சில இரவுகளிலும் துள்ளும். கொளத்தூர் கடைத்தெருவில் கூட்டமான ஞாயிற்றுக்கிழமையில் அழகைப் பார்த்து வாங்கிவிடாமல், பெயரைக் கேட்டு வந்து, துள்ளும் இனமா என்று பார்த்துவிட்டு அடுத்த வாரம் வாங்குங்கள். வாங்கி வந்த முதல் மூன்று இரவுகளே ஆபத்தானவை. அந்த மூன்று இரவுகள் மட்டும் கொசுவலைத் துணியை விளிம்பில் கிளிப் போட்டு விரித்துவையுங்கள்.

பரப்பில் மூன்றில் ஒரு பங்கை ஆகாயத்தாமரை போன்ற மிதவைச் செடிகளுக்கு விட்டால் துள்ளல் குறையும். மணி பிளான்ட் கொடியின் வேரை மட்டும் தண்ணீரில் விட்டால் அது நைட்ரேட்டை உண்டு வளரும். செடி இலை வழியாகவும் தண்ணீர் வெளியேறும் என்பதால், செடி சேர்த்த பிறகு மறுபடி ஒரு வாரம் அளவெடுங்கள்.

நீர்மட்டத்தில் கண்ணாடியில் படியும் வெள்ளைக் கோட்டை, மட்டம் தாழ்ந்திருக்கும்போது, எலுமிச்சைச் சாறு நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒட்டிவைத்துத் துடைத்தால் போய்விடும். சாறு தொட்டிக்குள் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பத்து நாள் ஊருக்குப் போவதானால், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஏற்பாட்டைத் தொடங்குங்கள். முதல் வாரம் துளி அமைப்பைச் சோதிக்கவும், இரண்டாம் வாரம் அதைத் தொடாமல் ஓடவிட்டுப் பார்க்கவும் தேவை. ஃபில்டரின் உறிஞ்சுகுழாயைக் கூடியவரை கீழே இறக்கிவிடுங்கள். தொட்டியின் அகலத்துக்கு வெட்டிய 4 மி.மீ. கண்ணாடித் துண்டைப் பரப்பின் முக்கால் பங்குக்கு மேல் வைத்தால், அந்த நாட்களுக்கு மட்டும் ஆவியாதல் வெகுவாகக் குறையும். மீதிக் கால் பங்கு காற்றுக்கு.

பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுப்பதானால் ‘தண்ணீர் குறைந்தால் ஊற்றுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடு குழாயைத் திறந்து பிடித்து ஊற்றிவிடுவார்கள். இரண்டு லிட்டர் பாட்டில்களில் கேன் தண்ணீரை நிரப்பி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துவிடுங்கள். தீனியையும் அப்படியே தேதி எழுதிய சிறு பொட்டலங்களாக மடித்து வையுங்கள். கண்ணாடியில் மேலே ஒரு சிவப்பு டேப், கீழே ஒரு சிவப்பு டேப். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும் வரை ஒன்றும் செய்ய வேண்டாம், கீழ் டேப்புக்குப் போனால் எனக்குப் போன் செய்யுங்கள் என்று எழுதி, உங்கள் எண்ணையும் ஃபில்டர் பிளக்கின் படத்தையும் அதே காகிதத்தில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.